மேடை எண் பூஜ்ஜியம்

"ஒன்பதரை மணிப் பேருந்து, மேடை எண் பூஜ்ஜியத்திலிருந்து புறப்படும்."

மூன்றாவது மாடி அறிவிப்பு அறையில், தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் தன் குரலே கணீரென்று இப்படிச் சொன்னதும், கணினிக்காரர் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அந்தப் பேருந்து நிலையத்தில் மொத்தம் பன்னிரண்டு மேடைகள். பூஜ்ஜியம் என்று ஒன்றை யாரும் கட்டவில்லை.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். இன்று பதினோரு மணி வண்டியில் அவர் மனைவி போகிறாள். ஒன்பது வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, வெளியூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மறுபடி வேலைக்குச் சேரப் போகிறாள். இரண்டு மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அடுத்த வண்டியோ மாலையில்தான்.

காலையில் இவர் சும்மா இருந்திருக்கலாம். "யார்கிட்டயும் கேட்டுக் குழம்பாத. மைக்ல நான் சொல்ற மேடைக்குப் போய் நில்லு, போதும்" என்று மார்தட்டியிருந்தார்.

"ஒன்பது வருஷமா நீங்க சொல்றதத்தானே கேட்டுட்டிருக்கேன்" என்றாள் அவள்.

வண்டிகளை அறிவிக்கும் கணினி நிரல் அவர் பெற்ற பிள்ளை மாதிரி. எழுதியது அவர், குரலும் அவருடையது. வேறு யாரையும் தொட விடமாட்டார். தேநீர் குடிக்க வெளியே போனால்கூட அதை நிறுத்திவிட்டுத்தான் போவார். நேற்று புதுக் கணினி வந்ததும் அந்தப் பிள்ளையை அப்படியே தூக்கி அதில் உட்காரவைத்தார். நிரல் எழுதிய கணினி மொழி அதே மொழிதான். ஆனால் புதுக் கணினிக்குத் தெரிந்தது அதன் வேறொரு வழக்கு.

பழைய வழக்கில், நிரலின் ஒரு பகுதி இன்னொன்றை வேலை ஏவினால், ஏவியவரின் மேசையில் இருப்பதை வேலை செய்பவர் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். புதியதில் அவரவர் மேசை அவரவருக்கு. கையில் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. பேருந்துப் பட்டியலைப் படிக்கும் பகுதி மேடை எண்ணைக் கண்டுபிடித்துத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டது. அறிவிக்கும் பகுதி தன் காலி மேசையைப் பார்த்துப் பூஜ்ஜியம் என்றது.

பொது மேசை ஒன்றைப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். நிரலின் உச்சியில் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக ஒரு பெயரைப் போட்டு, சோதித்துப் பார்க்க அதில் ஏழு என்று எழுதினார்.

பத்து மணி வண்டிக்கு மேடை ஏழு என்று வந்தது. அப்பாடா என்று சாய்ந்தார். பத்தேகால் வண்டிக்கும் ஏழு. பத்தரை வண்டிக்கும் ஏழு. படிக்கும் பகுதி இன்னும் தன் மேசையில்தான் எழுதிக்கொண்டிருந்தது. பொது மேசையின் ஏழை யாரும் தொடவே இல்லை.

ஜன்னல் வழியே பார்த்தார். மூட்டை முடிச்சுகளோடு ஒரு கூட்டம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் தன்னால்தான் என்று நினைத்தார். மனைவிக்கு நான்கு முறை போன் செய்தார். அவள் போன் எப்போதும் பையின் அடியில்தான் கிடக்கும்; எடுக்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து மேலாளர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். "என்ன, எல்லா வண்டியும் ஏழாவது மேடையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குமா?"

மேலதிகாரி பின்னால் நின்றால் புத்தி முன்னால் வராது. கணினிக்காரர் நிரலில் இருந்த அத்தனை பெயர்களையும் ஒரே அடியாகப் பொதுவாக்கினார். பெயர் வைப்பதில் அவர் சோம்பேறி. மேடைக்கும் 'எண்', எத்தனை முறை சொல்லியாயிற்று என்ற கணக்குக்கும் 'எண்'. தனித்தனியாக இருந்தவரை சமர்த்தாக இருந்தவை, ஒரே மேசைக்கு வந்ததும் ஒன்றையொன்று தடுக்கி விழுந்தன.

"பதினோரு மணிப் பேருந்து, மேடை எண் எட்டு."

"பதினோரு மணிப் பேருந்து, மேடை எண் ஒன்பது."

வண்டி ஒன்றுதான். மேடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. இருபத்து மூன்று வந்தபோது மேலாளர் காதைப் பொத்திக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. வெளியே கூட்டம் இப்போது எதிர்ப்பக்கம் ஓடியது. அதில் அவளும் பையைத் தூக்கிக்கொண்டு, கணவன் பேச்சை நம்பி, இல்லாத மேடையைத் தேடி ஓடுகிறாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னிக்கு ஒரு நாளாவது நான் சொல்றதக் கேக்காம இரேன்" என்று ஜன்னலைப் பார்த்துக் கெஞ்சினார்.

பிறகு நிரலை நிறுத்திவிட்டு, மூன்று மாடிப் படிகளையும் பாய்ந்து இறங்கி ஓடினார். பதினோரு மணி வண்டி போயிருந்தது. காலி மேடையில், வண்டிகளை விசில் ஊதி அனுப்புகிறவர் மட்டும் தூணில் சாய்ந்து நின்றார்.

"உங்க வீட்டம்மாதானே? நான்தான் ஏத்திவிட்டேன் சார்" என்றார் விசில்காரர். "வந்ததும் நேரா என்கிட்ட வந்து கேட்டாங்க. ஜன்னலோர சீட்டு."

கணினிக்காரர் அங்கிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் பேச்சை மீறியதற்காக அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து கூட்டத்தை ஓட ஓட விரட்டியதற்கு விசில்காரரிடம் மன்னிப்புக் கேட்டார்.

"சீட்டுப் பிடிக்கத் தினமும் இப்படித்தான் சார் ஓடுவாங்க."

"இருபத்து மூணாவது மேடைன்னு சொன்னேனே, யாரும் திட்டலயா?"

விசில்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"யாருக்கு சார் கேட்டுச்சு? வெளிய இருக்கற ஸ்பீக்கருக்கு வர்ற ஒயரை எலி கடிச்சு ஆறு மாசமாச்சு. அதுக்கப்புறம் உங்க குரல் அந்த மூணாவது மாடியத் தாண்டினதே இல்ல."