திரும்பிப் பார்க்கக் கூடாது

டாக்டர்களில் பல வகை உண்டு. பல்லைப் பார்ப்பவர், கண்ணைப் பார்ப்பவர், பர்ஸைப் பார்ப்பவர். இந்த மூவரிடமும் போகவிடாமல் உங்களைத் தடுத்தாட்கொள்வதற்கென்றே கங்கணம் கட்டிக்கொண்டு பிறந்த நாலாவது வகை ஒன்று இருக்கிறது. அவருக்கு போர்டு கிடையாது, கிளினிக் கிடையாது, அப்பாயின்ட்மென்ட் வேண்டாம். லிஃப்டில் மாட்டினாலும் பார்ப்பார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும் பார்ப்பார். நீங்கள் தும்மினால் போதும். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தக் கிழமை என்று மூக்கைத் துடைப்பதற்குள் சொல்லிவிடுவார். கோயில் டாக்டர் என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் காலனியிலும் ஒருவர் இருக்கிறார். எனக்குத் தெரியும், பெருமூச்சு விடாதீர்கள். அதற்கும் ஒரு கோயில் சொல்வார்.

நாம் பார்க்கப்போகிறவர் டெல்லி துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃபிளாட்டில் இருக்கும் மாணிக்கவாசகம். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸில் இருந்த காலமெல்லாம் இவர் பேச்சுக்கு ஒரு ஃபைல்கூட நகர்ந்ததில்லை. இப்போது குடும்பம் குடும்பமாக நகர்கிறார்கள். அந்த ருசி இருக்கிறதே, பென்ஷனைவிடப் பெரியது.

சாதாரண டாக்டர் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்வார். கோயில் டாக்டரிடம் பதில் முதலிலேயே தயாராக இருக்கும். கேள்வி ஒரு மரியாதைக்குத்தான். நான்காவது மாடி உமாமகேஸ்வரி ஒருநாள் லிஃப்டில் மாட்டினாள்.

"என்னம்மா உமா, முகம் வாடியிருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். தலவலி, தூக்கமே வரமாட்டேங்குது."

"இடது பக்கம்தானே?"

"இல்ல சார், வலது..."

"அதான் சொன்னேன். இது மருந்துக்குக் கேக்கிற வலி இல்ல. ராஜஸ்தான்ல மலையடிவாரத்துல ஒரு பாலாஜி கோயில். ஒரு தடவ போயிட்டு வா, அப்புறம் பேசு. நான் சொல்லல, அனுபவிச்சவங்க சொல்றாங்க."

"நான் சொல்லல, அனுபவிச்சவங்க சொல்றாங்க" என்பது இந்த இனத்தின் முத்திரை வாக்கியம். அனுபவித்தவர்களின் தலைவர் கரோல் பாக் மகாதேவன். வளைந்த முதுகோடு போய் நிமிர்ந்த முதுகோடு திரும்பியவர் அவர். அதே மாதத்தில் மகாதேவன் ஓர் எலும்பு டாக்டரிடம் நடையாய் நடந்தார் என்பது கதையில் வராது. கேட்டால், அந்த டாக்டரைக் காட்டியதே சாமிதான் என்பார் மாணிக்கவாசகம். என்ன செய்வீர்கள்? வாயை மூடிக்கொண்டு உங்கள் மாடியில் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நோயாளியைப் பார்க்க அவர் போகிற அழகு தனி. ஒரு பொட்டலம் விபூதி, அரை டஜன் வாழைப்பழம், முகத்தில் ஓர் அனுதாபம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அநாதைக் குழந்தைகளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "சாப்பிடுங்க, வேண்டாங்கல. ஆனா..." என்று நிறுத்துவார். அந்த 'ஆனா'வில் நோயாளிக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விடும். பாதிப்பேர் அங்கேயே பெட்டி கட்டச் சம்மதித்துவிடுவார்கள்.

இவ்வளவு பெரிய டாக்டரின் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாகத்தானே இருக்க வேண்டும்? அங்கேதான் இடிக்கிறது. அவர் மனைவி அம்சவேணிக்கு சில மாதங்களாக மூச்சிரைப்பு. மதர் டெய்ரி பால் கடைக்குப் போய்வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவாள். அடுத்த வீட்டு மூச்சுக்கு ராஜஸ்தான்வரை வேன் பிடிக்கிறவர், தன் வீட்டு மூச்சுக்குச் சமையலறையைத் தாண்டவில்லை.

"வாயு வேணி. சீரகத்த வறுத்து வாயில போட்டுக்க."

குர்கானில் வேலை பார்க்கும் மகள் வைஷ்ணவி வாராவாரம் வந்து சண்டை போடுவாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். அவள் தமிழ், கோபம் வந்தால் பாதி வழியில் இந்திக்கு மாறிவிடும்.

"அப்பா, அம்மாவ ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டணும். ஒரு ஈசிஜி, அவ்ளோதான். இத்னா ஸா காம் ஹை, இத்துனூண்டு வேல. இதுக்குப் போய் ஏன் இவ்ளோ யோசிக்கிறீங்க?"

"காட்டலாம்மா. இந்த ட்ரிப் முடியட்டும். உமா வர்றா, நம்ம சொசைட்டி கஸ்தூரிரங்கன் வர்றார், வேன் சொல்லியாச்சு. அம்மாவும் வரட்டும், சாமி முன்னால ஒரு தடவ நின்னா எல்லாம் சரியாகும்."

அம்சவேணி மகளைப் பார்த்து, "விடுடி, போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றாள். அவள் போகாவிட்டால் புளியோதரை யார் கட்டுவது? அவளுடைய மூச்சு வேனுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வேன் புறப்பட்டது. முன் இருக்கைகள் நோயாளிகளுக்கு, டிரைவர் பக்கத்து இருக்கை டாக்டருக்கு. புளியோதரைப் பாத்திரம், தண்ணீர்க் கேன், அம்சவேணி மூன்றும் கடைசி இருக்கையில். கஸ்தூரிரங்கன் பாலாஜி என்றதும் திருப்பதிப் பெருமாள் என்று நினைத்து முழம் முழமாகத் துளசிமாலை கொண்டுவந்திருந்தார். அங்கே பாலாஜி என்றால் அனுமார் என்று பாதி வழியில் தெரிந்ததும் முகம் சுருங்கியது. பிறகு, "பெருமாளோட மனுஷன்தானே" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு மாலையை மடியில் வைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் மாணிக்கவாசகம் சட்டம் படித்தார். கோயிலில் சில வழக்கங்கள் உண்டு. பிரசாதத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. தரிசனம் முடித்துப் புறப்பட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது; உன்னை விட்டு இறங்கிய பேய் பின்னாலேயே வந்துவிடும். இவை கோயில் சட்டங்கள். கோயில் டாக்டர் அதோடு திருப்தி அடைவாரா? உபசட்டங்கள் அவருடையவை.

"தரிசனம் முடிஞ்சு திரும்பும்போது டோல் கேட் தாண்டுற வரைக்கும் யாரும் போனை ஆன் பண்ணக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கக் கூடாது. யாராவது பின்னாலேர்ந்து கூப்பிட்டா, என்ன குரல்ல கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. அது நம்ம வீட்டு ஆள் குரல்லயே கூப்பிடும். அதுக்கு அதான் வேல."

கோயிலில் கூட்டம் நெரிந்தது. தலையை விரித்துச் சுழற்றுகிற பெண்கள், சுவரில் கையை அறைந்து அழுகிற ஆண்கள், பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வேறு எங்கும் போக வழியில்லாமல் வந்து நிற்கிற தாய்மார்கள். மாணிக்கவாசகம் அவர்களுக்கு நடுவில் வார்டு ரவுண்ட்ஸ் போகிற பெரிய டாக்டர்போல நடந்தார். "பாத்தியா உமா, இதெல்லாம் முத்தின கேஸ். நீ நல்ல நேரத்துல வந்துட்ட" என்றார். உமாமகேஸ்வரிக்கு இருந்த தலைவலி இரு பக்கமும் பரவிவிட்டது.

தரிசனம் முடிந்தது. வெளியே வேன் நிற்கிற இடத்துக்கு மேட்டில் ஏறிப் போக வேண்டும். மாணிக்கவாசகம் முன்னால், மற்றவர்கள் அவர் பின்னால், எல்லாருக்கும் பின்னால் காலிப் பாத்திரத்தோடு அம்சவேணி. எல்லாக் கழுத்துகளும் கட்டுப் போட்டதுபோல நேராக இருந்தன.

பாதி மேட்டில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னங்க."

அவருக்குத் தெரிந்த குரல்தான். முப்பது சொச்சம் வருஷமாகக் கேட்கிற குரல்.

"என்னங்க... கொஞ்சம் நில்லுங்க. முடியல."

மாணிக்கவாசகத்துக்கு உடம்பு புல்லரித்தது. நின்றாரா? அவரா நிற்பார்? இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னது இன்று தன் காதிலேயே நடக்கிறதே என்ற பூரிப்பில் நடையை எட்டிப் போட்டார். வேணி குரலை அச்சாகப் பிடித்திருக்கிறதே, அந்த இளைப்புகூட அப்படியே இருக்கிறதே என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். பக்கத்தில் உமாமகேஸ்வரி தயங்கினாள்.

"சார், அது ஆன்ட்டி மாதிரி..."

"நேராப் பாரு."

வேனில் ஏறினார்கள். டிரைவர் இந்தியில், எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்டான். கடைசி இருக்கையைத் திரும்பிப் பார்த்தால்தானே தெரியும்? "சலோ பையா, ஜல்தி" என்றார் மாணிக்கவாசகம். வேன் கிளம்பிவிட்டது.

டோல் கேட்டைத் தாண்டி ஒரு சாலையோரத் தாபாவில் நிறுத்தினார்கள். பக்தி இறங்கிப் பசி ஏறியிருந்தது. சூடாக ரொட்டி வந்தது. மாணிக்கவாசகம் வீட்டுப் பழக்கத்தில் கையைப் பின்பக்கமாக நீட்டி, "வேணி, அந்த நார்த்தங்கா ஊறுகாயை எடு" என்றார். கை நீட்டியபடியே இருந்தது. ஊறுகாய் வரவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அவர் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் நடந்ததெல்லாம் அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. மேட்டில் பாத்திரத்தை வைத்துவிட்டு அம்சவேணி ஒரு கடை வாசலில் சரிந்து உட்கார்ந்தாள். வேர்த்துக் கொட்டியது, இடது கை மரத்துப்போயிற்று. காணிக்கைத் தட்டு விற்கிற கடை அது. கடைக்காரப் பெண் எழுந்துவந்து குனிந்து, "க்யா ஹுவா, பெஹன்ஜி?" என்று கேட்டாள். என்ன ஆச்சு அக்கா என்கிற இந்த ஒரு கேள்வியை இத்தனை மாதத்தில் கட்டிய புருஷன் கேட்டதில்லை. அதைவிட ஆச்சரியம், கேட்டவள் பதில் வரும்வரை சும்மா இருந்தாள். அம்சவேணி நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். கோயில் வாசலிலேயே கடை வைத்துப் பிழைக்கிறவள், சாமியின் சக்தியைக் கண்ணாலேயே தினம் பார்க்கிறவள், கோயிலுக்குள் போ என்று சொல்லவில்லை. "ஹஸ்பதால்" என்றாள்; ஆஸ்பத்திரிக்குப் போக தெருவில் போன ஜீப்பை மறித்து நிறுத்தினாள்.

தாபாவில் மாணிக்கவாசகம் போனை ஆன் செய்ததும் அது கையில் நிற்காமல் அதிர்ந்தது. எல்லாம் வைஷ்ணவி. கடைசியில் அவள் குரலே வந்தது.

"அம்மா கோயில் பக்கத்துல கவர்மென்ட் ஆஸ்பத்திரில, அங்கேர்ந்துதான் போன் வந்துது. ஹார்ட் அட்டாக். ஊசி போட்டுட்டாங்க, டெல்லிக்கு எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க, ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன், நான் வழில இருக்கேன். நீங்க எங்க இருக்கீங்க அப்பா? ஆப் கஹாம் தே?"

நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று மகள் இந்தியில் கேட்டாள். எல்லாருக்கும் பதில் வைத்திருந்த மனுஷன் தாபா கட்டிலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். சிரிக்கிற கதைதான், ஆனால் இந்த இடத்தில் நானும் சிரிக்கவில்லை. கஸ்தூரிரங்கன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். டிரைவர் கேட்காமலேயே வேனைக் கோயில் பக்கம் திருப்பி நிறுத்தினான்.

டெல்லி ஆஸ்பத்திரியில் அம்சவேணிக்கு அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். கண் விழித்தவள் கட்டிலருகில் இருந்த புருஷனை வெகுநேரம் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சு வேணி."

"கேட்டுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதோடு மாணிக்கவாசகம் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் இந்த இனத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கொஞ்ச நாள் யாருக்கும் கோயில் சொல்லாமல், மனைவிக்கு வேளா வேளைக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்துக்கொண்டு உண்மையாகவே பயந்துபோய்த்தான் இருந்தார். பிறகு ஒருநாள் லிஃப்டில் யாரோ அக்கறையாக, "ஆன்ட்டி எப்படி இருக்காங்க அங்கிள்?" என்று கேட்டுவிட்டார்கள். கேட்கலாமா?

"அத ஏன் கேக்கறீங்க. மாசக்கணக்கா உள்ளயே ஒளிஞ்சிருந்த வியாதி. சாமி முன்னால நின்ன உடனே வெளில வந்திடுச்சு. வீட்டுல வந்திருந்தா? ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் விட்டதே அவன்தான். நான் சொல்லல, வேணியையே கேளுங்க."

யாரும் போய் வேணியைக் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அந்தக் காலனியில் யாருக்கும் இல்லை.

சரி, போதும் சிரித்தது. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, யாருக்கு அனுப்பலாம் என்று ஒரு முகத்தை நினைத்துவைத்திருப்பீர்கள். அவரும் உங்கள் முகத்தைத்தான் நினைத்திருப்பார். எனக்குக் கோயில் பழக்கமே இல்லையே என்கிறீர்களா? இருக்கட்டும். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் முதுகு வலிக்கிறது என்றாரே, நீங்கள் என்ன சொன்னீர்கள்? யோகா என்றீர்களா, வெந்தயம் என்றீர்களா, இந்தப் போனைக் கீழே வை என்றீர்களா? எந்த முதுகு, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டீர்களா?

உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இந்தப் பக்கத்தை அப்புறம் முடித்துக்கொள்ளலாம். திரும்பிப் பாருங்கள்.