எட்டு வீட்டுப் போர்வை

“இஞ்சேருமப்பா, றங்குப் பெட்டிக்குள்ள கிடந்த என்ர நீலக்கோட்டுச் சேட்டு எங்க?”

மரியநேசன் கேட்டபோது சுசிலா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி அப்படியே நின்றது.

“எந்தச் சேட்டு?” என்றாள், கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று.

“என்னட்ட என்ன நூறு சேட்டே கிடக்கு? கடலுக்கு ஒண்டு, கோயிலுக்கு ஒண்டு. மற்றது எங்கட கலியாணச் சேட்டு.”

“இப்ப என்னத்துக்கு அது?”

“திங்கக்கிழமை துசியந்தன்ர கலியாணமெல்லோ. அதுக்கு வேணும்.”

நீலக்கோடு போட்ட அந்தச் சேட்டு எங்கே இருக்கிறது என்று சுசிலாவுக்கு நன்றாகத் தெரியும். எட்டுத் துண்டாகி எட்டு வீட்டில் இருந்தது.

போரும் பொருள் தடையுமாக இருந்த தொண்ணூற்று நாலாம் ஆண்டு அது. முல்லைத்தீவுக் கரையில் சவர்க்காரம் வந்தாலே ஊருக்குச் செய்தி. புதுத் துணி வந்தால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதற்கே ஆட்கள் போவார்கள். அந்த நாளில்தான் சிஸ்டர் பிலோமினா தன் தையல் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேரையும் இருத்தி, ஒட்டுப்போர்வை தைப்போம் என்றார். ஒவ்வொருத்தியும் ஒரு முழத்துக்கு ஒரு முழமாக, ஒரே மாதிரி எட்டுக் கட்டம் தைக்க வேண்டும். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்ற ஏழையும் ஏழு பேருக்குக் கொடுத்து, அவர்களிடம் ஒவ்வொன்று வாங்க வேண்டும். கடைசியில் எல்லார் வீட்டிலும் எட்டு வீட்டுத் துணி சேர்ந்த ஒரு போர்வை இருக்கும்.

“நாளைக்கு ஆர் ஆர் எங்க போய் இருக்கப்போறியளோ தெரியாது. எங்க போனாலும் இதைப் போர்த்துக்கொண்டு படுக்கலாம்,” என்றார் சிஸ்டர். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு சட்டத்தைச் சொன்னார்: கோதுமை மாச் சாக்குத் துணி சேர்க்கக் கூடாது, வீட்டில் யாராவது உடுத்த துணியாக இருக்க வேண்டும்.

சுசிலாவுக்கு அங்கேதான் சிக்கல். அவள் மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். இந்தக் கரைக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்றரை வருடம். வெட்டுகிற அளவுக்கு அவளிடம் உடுப்பு ஏது? மரியநேசனிடம் கேட்டாள். வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த அவன் தலை நிமிராமல், “பெட்டிக்குள்ள ஒரு பழைய சேட்டுக் கிடக்கும், எடும்” என்றான். அவன் சொன்னது மேலே கிடந்த, தோள் கிழிந்த சிவப்புச் சேட்டை. அவளோ அடி வரைக்கும் கிண்டி, பூச்சி அரிக்காமல் போடும் பூச்சிமுட்டை உருண்டை வாசத்தோடு மடித்து வைத்திருந்த நீலக்கோட்டுச் சேட்டை எடுத்தாள். அதுதான் அவள் கண்ணுக்குப் பழையதாகத் தெரிந்தது. பக்கத் தையலை நாலைந்து தரம் பிரித்துப் பிரித்துத் தைத்திருந்தார்கள். கலியாணச் சேட்டையே வெட்டச் சொல்லிவிட்டாரே, எவ்வளவு பெரிய மனசு என்று உருகிப்போனாள். அந்த உருக்கத்திலேயே கத்தரிக்கோலை வைத்தாள்.

நடுவில் ஒரு சாண் சதுரம் சேட்டுத் துணி, சுற்றிவர அந்தக் கிழிந்த சிவப்புச் சேட்டில் வெட்டிய கரை. மாற்றுகிற நாளில் எட்டையும் பாயில் பரப்பி, “இது எங்கட கலியாணத்துக்கெண்டு அவர் கொழும்பில இருந்து எடுப்பிச்ச சேட்டு” என்று பெருமையாகச் சொன்னாள்.

ஏழு பெண்களும் பாயைச் சுற்றி நெருங்கி வந்து குனிந்தார்கள். கலிஸ்ரா துணியை ஒற்றை விரலால் தடவினாள். அனோஜா தன் பங்கை எடுத்து முகர்ந்தே பார்த்தாள். தன் தையலைப் பார்த்துத்தான் இப்படி மலைக்கிறார்கள் என்று சுசிலா நினைத்துக்கொண்டாள். அவள் தையல் அப்படி மலைக்கிற தையல் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது குசினி வாசலில் புருசன் நிற்கிறான்.

“அது... ஒரு பொத்தான் கழண்டு கிடந்தது. அனோஜாட்டத் தைக்கக் குடுத்தனான்,” என்றாள்.

ஒரு பொய் சொன்னால் அன்றைக்குத் தப்பலாம். ஆனால் மரியநேசன் அடுத்த நாள் விடியவே அனோஜா வீட்டுப் படலையில் போய் நின்றான். அனோஜா ஒரு கணம் விழித்தாள். சிநேகிதியைக் காட்டிக்கொடுக்க மனமில்லை.

“தைச்சு முடிஞ்சுது அண்ணை. அயன் பண்ணக் கலிஸ்ராக்காட்டக் குடுத்திட்டன்.”

சிரட்டைக்கரி அயன்பெட்டி அந்த ஒழுங்கையில் கலிஸ்ராவிடம் மட்டும்தான் இருந்தது. கலிஸ்ரா அவனைக் கண்டதும், “சிஸ்டர் ஒருக்காப் பாக்கக் கேட்டவா, குடுத்துவிட்டனான்” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். ஒரு கன்னியாஸ்திரிக்கு ஆம்பிளைச் சேட்டு எதற்கு என்று யோசித்தபடியே மரியநேசன் மடத்துக்கு நடந்தான்.

சிஸ்டர் பிலோமினா பொய் சொல்லாதவர். உண்மையைச் சொன்னால் ஒரு குடும்பத்தில் சண்டை வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

“உங்கட சேட்டுப் பத்திரமா இருக்கு தம்பி,” என்றார். “ஆனா ஒரு இடத்தில இருக்கெண்டு மட்டும் சொல்லேலாது.”

மரியநேசன் அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தான். இவ்வளவு தேடுகிறான் என்றால் அந்த நாளை எவ்வளவு நெஞ்சில் வைத்திருக்கிறான்! அதை அல்லவா கண்டதுண்டமாக வெட்டினேன் என்று சுசிலா தன்னையே திட்டிக்கொண்டாள். அவனுடைய கலியாணச் சேட்டைத் திங்கட்கிழமைக்குள் எப்படியாவது அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைவில்லை.

கொலரும் கைகளும் பொத்தான் பட்டியும் வெட்டாமல் மிஞ்சியிருந்தன. எட்டுச் சதுரமும் திரும்பி வந்தால் முதுகும் நெஞ்சும் தேறிவிடும். ஒட்டுத் தெரியத்தான் செய்யும். ஆனால் கலியாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மரியநேசனின் சேட்டையா எல்லாரும் பார்க்கப் போகிறார்கள்?

வியாழக்கிழமை வீடு வீடாகப் புறப்பட்டாள்.

“கலிஸ்ராக்கா, நான் தந்த கட்டத்தை ஒருக்காத் தாங்கோ. வேற தைச்சுத் தாறன்.”

“ஐயோ பிள்ளை, அதை எலி கொண்டுபோட்டுது.”

“ஒரு முழக் கட்டத்தையோ?”

“பெரிய எலி.”

அனோஜா வீட்டில் குழந்தை அதன்மேல் படுத்திருந்தது. “எழும்பினாப் பிறகு வாறன்” என்றாள் சுசிலா. “எழும்பினாலும் விடான்” என்றாள் அனோஜா. ரஜிதா பாயில் இருந்தபடியே பேசினாள். வந்தவளுக்குத் தேத்தண்ணி வைக்கக்கூட எழும்பவில்லை. அவளுக்குக் கீழே நீலக்கோடு எட்டிப்பார்த்தது.

“ரஜிதா, என்ர கலியாணச் சீலையில வெட்டித் தாறன், அதைத் தா.”

“உன்ர சீலை எனக்கு என்னத்துக்கடி? நீ போய் உன்ர வேலையைப் பார்,” என்று சொன்ன ரஜிதாவின் கண் ஏனோ கலங்கியிருந்தது. மற்ற நாலு வீட்டிலும் இவளைக் கண்டதும் படலையைச் சாத்திக்கொண்டார்கள். ஒன்றாக இருந்து தைத்துச் சிரித்த பெண்களா இவர்கள் என்று சுசிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவள் துணிந்து ஒரு வேலை செய்தாள். மரியநேசன் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சேட்டை எடுத்து, அதன் கொலரையும் கைகளையும் பிரித்துவிட்டு, நீலக்கோட்டுக் கொலரையும் கைகளையும் வைத்துத் தைத்தாள். கொலர் பெரிதாக இருந்தது. கழுத்தைக் கொஞ்சம் வெட்டினாள். இப்போது கழுத்துப் பெரிதாகிவிட்டது. கொலரை இழுத்துத் தைத்தாள், அது ஒரு பக்கம் தோளில் போய் ஏறிக்கொண்டது. வலக்கையை இடப்பக்கத்தில் வைத்துவிட்டோம் என்பது மற்றக் கையையும் தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. கொடியில் போட்டுப் பார்த்தாள். காற்றில் அந்தச் சேட்டு, தான் செய்யாத குற்றத்துக்குக் கை தூக்கி நின்றது. கலியாணச் சேட்டோடு கோயில் சேட்டும் போயிற்று.

சனிக்கிழமை பின்னேரம், பந்தல் போட உதவிக்குப் புறப்பட்ட மரியநேசன் கொடியில் அதைக் கண்டான். இரண்டு கையாலும் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்தான்.

“இது என்னது?”

சுசிலா உடைந்துபோனாள். பெட்டியைத் திறந்ததிலிருந்து பெரிய எலி வரைக்கும் எல்லாவற்றையும் அழுது அழுது சொன்னாள். அவன் கத்துவான் என்று பார்த்தாள். கத்தவில்லை. முகம் வெளிறிப்போய் குசினி வாசற்படியிலேயே குந்திவிட்டான்.

“எல்லாரிட்டயும் கேட்டனீரோ? ஒருத்தரும் தரேல்லையோ?”

“ஒருத்தியும் தரேல்ல. என்ர சீலையை வெட்டித் தாறன் எண்டும் கேட்டுப் பாத்திட்டன். என்ர புருசன்ர சேட்டில இவளவைக்கு என்ன கண்டறியாத ஆசை? எங்கட கலியாணத்தில இவளவைக்கு என்ன பங்கு, சொல்லுங்கோ பாப்பம்!”

மரியநேசன் கையில் கிடந்த சேட்டின் நீலக்கோட்டுக் கொலரை நீவிவிட்டான்.

படலையடியில் ஒரு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்தபடி திங்கட்கிழமை மாப்பிள்ளை துசியந்தன் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் ஒரு காலை மண்ணில் தேய்த்தான்.

“கோவியாதையுங்கோ அக்கா, அவையள் தரமாட்டினம்,” என்றான் மெதுவாக. “இந்தக் கரையில எல்லா மாப்பிள்ளையளும் அந்தச் சேட்டோடதானே தாலி கட்டினவை, இந்தமுறை நான் எண்டு வாங்கத்தான் வந்தனான்.”