பதினான்காம் கேள்விக்கு அவள் சொன்ன பதில்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அவளுடைய தையல் இயந்திரமும் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று முன்பெல்லாம் நானே எழுதிவிடுவேன். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன் அல்லவா, கேட்காமலே பதிலை நிரப்பக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கேட்கிறேன்: நலமா?

அறுபத்திரண்டு வயதில் இந்த மனுஷனுக்கு எதற்குப் படிப்பு என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில், சமூகவியல் படிக்கிற பெண் ஒருத்தி கையில் அட்டையோடு வந்து கதவைத் தட்டினாள். கருத்தாய்வுக்காகக் குலுக்கிப் போட்டதில் எங்கள் வீட்டு எண் விழுந்துவிட்டதாம், நாற்பத்திரண்டு கேள்வி கேட்க வேண்டுமாம். மாப்பிள்ளை, பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பதில் சொன்னவன் நான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரு ஈ காக்கைகூட என்னை எதுவும் கேட்டதில்லை. நல்ல சட்டையாக மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண், "ஒரு நிமிஷம் ஐயா, வீட்ல இருக்கற பெரியவங்கள்ல யாருக்குக் கடைசியா பிறந்தநாள் வந்துச்சோ அவங்ககிட்டதான் கேக்கணும். எங்க சார் விதி" என்றாள். எனக்குப் பிறந்தநாள் வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உள்ளே இயந்திரச் சத்தம் நின்றது. "எனக்குப் போன செவ்வாய்க்கிழமைம்மா" என்றபடி கழுத்தில் அளவு நாடாவோடு உங்கள் அக்கா வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். இல்லை என்று மறுக்கலாமென்றால் தேதி தெரிந்தால்தானே மறுப்பதற்கு! நீங்களாவது ஒரு வார்த்தை முன்கூட்டி ஞாபகப்படுத்தியிருக்கலாம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மறுநாளே கேக் வாங்கி வந்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் வெட்டினாள்.

அதோடு போயிற்றா? "வேற ஆள் பக்கத்துல இருந்தா பதில் மாறிடும் ஐயா, கொஞ்சம் வெளியில இருங்க" என்று அந்தப் பெண் என் வீட்டிலிருந்தே என்னை வெளியேற்றிவிட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம். மாப்பிள்ளை, உங்கள் அக்கா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. தூறல் போடவும் குடை எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். அப்போதுதான் அது காதில் விழுந்தது: "பதினாலாவது கேள்விம்மா. மனசுக்குக் கஷ்டம்னா முதல்ல யார்கிட்ட சொல்வீங்க? கணவர், பிள்ளைகள், கூடப்பிறந்தவங்க, நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரங்க, யார்கிட்டயும் இல்ல." உங்கள் அக்கா என்னைப் பார்த்தாள். நான் குடையோடு மறுபடி படிக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என்ன சொன்னாள்? பல்கலைக்கழகத்துக்கே போய்க் கேட்டேன். "வீட்டு எண் நூற்றுப் பதினேழு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். பதில் ரகசியம்" என்று பேராசிரியர் கையை விரித்துவிட்டார். அலுவலகத்தில் மாலை வகுப்புக்கு விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், வயது வரம்பில்லை. உள்ளே நுழைந்துவிட்டால் ரகசியம் கிடைக்காதா என்று சேர்ந்துவிட்டேன்.

ஆனால் அங்கே இந்தக் கேள்வி கேட்கிற பாடத்தை ஒரு துறை மட்டும் நடத்தவில்லை, நாலு துறை நடத்துகிறது, நாலும் நாலு விதம். பொருளாதாரக்காரர், ஜனங்கள் சொல்வதை நம்பாதே, செய்வதைப் பார் என்கிறார். பார்த்தேன். ஊசி உடைந்தபோது உங்கள் அக்கா தன் கஷ்டத்தை இயந்திரத்திடம்தான் சொன்னாள். உளவியல் அம்மா, ஒரே கேள்வியை வெவ்வேறு நாளில் கேட்டு, பதில் மாறாமல் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கேட்டேன். மூன்று நாளும் "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரே பதில். நம்பகம் நூற்றுக்கு நூறு! அரசியல் துறையில், கனமான கேள்வியை எடுத்த எடுப்பில் வைக்காதே, லேசானதிலிருந்து தொடங்கு என்றார்கள். சரியென்று டீயிலிருந்து தொடங்கினேன். "டீயில உனக்குச் சர்க்கரை எவ்வளவு பிடிக்கும்?" கேட்டுவிட்டு, சமூகவியல் சார் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன். நாலில் பதில் வந்தது: "எனக்குச் சர்க்கரையே பிடிக்காது." முப்பத்து மூன்று வருஷமாக எந்தக் கடைக்குப் போனாலும் "ரெண்டு டீ, சர்க்கரை தூக்கலா" என்று அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவந்திருக்கிறேன், மாப்பிள்ளை!

அதற்கப்புறம் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. தினம் ஒரு கேள்வி. அவளுக்குச் சைக்கிள் ஓட்ட ஆசையாம். பச்சை நிறமே ஆகாதாம். நான் வாங்கிக் கொடுத்ததெல்லாம் பச்சை. பக்கத்து வீட்டுக்காரரோடு ஆறு வருஷமாக நான் பேசாமல் இருப்பது அவளுக்கு ஞாயமாகப் படவில்லையாம். நான் எண்ணுகிறேன், அவள் பேசுகிறாள். ஆனால் பதினான்காம் கேள்விக்கு மட்டும் ஐம்பது வரை எண்ணியும் பதில் இல்லை. ஆகவே உங்களையே கேட்கிறேன், 'கூடப்பிறந்தவங்க' என்று ஒரு கட்டம் இருந்ததே, அவள் கஷ்டத்தைச் சொல்வது உங்களிடமா? அப்படியென்றாலும் எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். ஒளிக்காமல் எழுதுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இந்தக் கடிதம் அக்காவுக்குத் தெரியவே கூடாது. கடைப்பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களுக்கு அவை வேண்டுமா என்றும் கேட்டுச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அந்தக் 'கடைப்பக்கம் போகிற யாராவது' நான்தான். வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் கவரைக்கூட ஒட்டாமல் என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் பிறந்தநாள் அடுத்த மாதம் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் செவ்வாய்க்கிழமை என்று சொன்னது பொய்தான், அது இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் நாற்பத்திரண்டு கேள்வியை ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்து கேட்டு, நான் சொல்வதை எழுதிக்கொள்ளப் போகிறாள் என்றதும் விட மனசில்லை. மற்ற பதிலெல்லாம் சத்தியம். பதினாலாவதுக்கு இவரைத்தான் சொன்னேன். அதை அவருக்கு எழுதிவிடாதே. தெரிந்துவிட்டால் கேட்பதை நிறுத்திவிடுவார்.