காய்ச்சல் முதலா, கட்டி முதலா?

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்களா?" வீரம்மா வராந்தாத் தரையில் படுத்தபடியே கேட்டாள்.

இராமையா தலையாட்டினான். காலையிலிருந்து இது மூன்றாவது சீட்டு.

தெல்தோட்டையிலிருந்து தேயிலைத் தோட்டத்து லொறியில் பெண்டாட்டியை ஏற்றி, கண்டிக்குப் பக்கத்திலிருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தான். அவள் தொடையில் கோழிமுட்டை அளவுக்குக் கட்டி. உடம்பு அனலாய்க் கொதித்தது. இன்றைக்குள் கீறாவிட்டால் காலே போய்விடும் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வேறு சொல்லி அனுப்பியிருந்தார். பாவி மனிதன், அதை வீரம்மாவின் முன்னாலேயே சொல்லித் தொலைத்தார்.

அறுவை டாக்டரின் அறை வராந்தாவின் ஒரு கோடியில். காய்ச்சல் டாக்டரின் அறை மறுகோடியில். தோட்டத்து ஆட்கள் உள்ளே போகக்கூடாது. சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, பதில் அதே வழியாய் வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். எந்தக் கதவுக்குப் போனாலும் உள்ளே ஆளரவமே இருக்காது. அரைமணி கழித்துத்தான் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்கும்.

வராந்தா பெஞ்சில் அலவத்துகொடைக் கடைக்காரர் ஸெய்னுலாப்தீன் இருமல் மருந்துக்குக் காத்திருந்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்.

"இதுல என்னங்க முதலாளி எழுதியிருக்கு?"

"காய்ச்சல் உடம்புல கத்தி வைக்க ஏலாதாம். காய்ச்சல் டாக்டர் முதல்ல காய்ச்சலை எறக்கட்டுமாம்."

"அந்தச் சீட்டுல?"

"காய்ச்சல் வாறதே கட்டியாலதானாம். அறுவை டாக்டர் முதல்ல கட்டியைக் கீறட்டுமாம். இந்த டாக்டர்மார் எல்லாருக்கும் ஒரே கோழிக் கிறுக்கல்தான், கண்ணு வலிக்குது."

"அப்ப யாருங்க மொதல்ல?"

"அதைத்தானே அவங்களும் கேக்குறாங்க!"

இராமையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கொஞ்சம் பணிவா ஒரு வரி எழுதிக் குடுங்க முதலாளி."

ஸெய்னுலாப்தீன் குஷியாகிவிட்டார். 'காய்ச்சல் டாக்டர் தங்கள் திறமையை மிகவும் புகழ்கிறார்' என்று அறுவை டாக்டருக்கு எழுதினார்.

பதில் வந்தது. ஸெய்னுலாப்தீன் தணிந்த குரலில் படித்தார்.

"'என் திறமைக்கு அவன் சாட்சி தேவையில்லை. முதலில் அவன் தன் வேலையைப் படிக்கட்டும்.'"

"ஐயோ! இதை அங்க கொண்டுபோகவா?"

"பயப்படாத. கூடவே ஒரு மன்னிப்பும் சேர்த்து எழுதிர்றேன். அறுவை டாக்டரே மன்னிப்புக் கேக்குற மாதிரி."

இராமையா இரண்டையும் மறுகோடிக் கதவுக்கு அடியில் தள்ளினான். இந்தத் தடவை முக்கால் மணி. திரும்பி வந்த காகிதம் பேனா அழுத்திய இடத்தில் கிழிந்திருந்தது.

"'இந்த மன்னிப்பு செல்லாது. அவன் நேரில் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கும்வரை இந்த நோயாளியைத் தொடமாட்டேன்.'" படித்து முடித்ததும் ஸெய்னுலாப்தீன் எழுந்துவிட்டார். "எனக்கு இருமல் நின்ட மாதிரி இருக்கு. நான் வாறன்."

குடையை எடுத்துக்கொண்டு அவர் நழுவியே விட்டார்.

தரையில் கிடந்த வீரம்மா முனகினாள். இராமையா பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்த மஹய்யாவ ஊர்க்காரி ரத்தினம்மா வாளியோடு நின்றாள்.

"என்ன தம்பி?"

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். "அந்த ரெண்டு டாக்டரையும் ஒரே எடத்துல நிக்க வச்சுட்டாப் போதும் அக்கா. கால்ல விழுந்திருவேன். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ரத்தினம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"அறுவை டாக்டரு லீவுல போய் ஒரு மாசமாச்சு, தம்பி. ரெண்டு கதிரையிலயும் ஒக்கார்றது ஒரே ஆளுதான். இந்த அறையிலேருந்து அந்த அறைக்கு உள்வழியா நடந்து போவாரு பாரு, அப்பப் போய்க் கால்ல விழு. கதிரையில இல்லாத அந்த நேரம் மட்டுந்தான் அவரு டாக்டரு."