நோட்ஸில் உயிரோடிருக்கும் நாடு

மனிதர்களில் நோட்ஸ் வாத்தியார் என்றோர் இனம் உண்டு. கல்லூரி இருக்கிற ஊரிலெல்லாம் இது வசிக்கும் என்றாலும், நன்றாக விளைந்த மாதிரியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சிதம்பரத்துக்கு வாருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கலைக் கல்லூரி. மாடியில் கடைசி அறை. உள்ளே மின்விசிறி ஓடாது, பேனாக்கள் மட்டும் ஓடும். அறுபது தலைகள் குனிந்திருக்கும். யோசிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதுகிறார்கள்.

கக்கத்தில் காக்கி அட்டை போட்ட பழைய நோட்டு ஒன்று இருந்தால், அதன் முதுகில் டேப்பு மூன்று அடுக்கு ஏறியிருந்தால், தாள் ஒடிந்துவிடுமோ என்று பூவைத் தொடுகிற பதமாக விரல் நகர்ந்தால், அவர்தான். நம்முடையவர் பெயர் பேராசிரியர் தட்சிணாமூர்த்தி. பாடம் உலக வரலாறு. அந்தக் குறிப்புகளும் அவருடையவை அல்ல, 1985-இல் எம்.ஏ. படித்தபோது அவருடைய வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதியவை. அதற்குப் பிறகு உலகத்தில் எதுவும் நடக்கவில்லை.

அவர் வகுப்பில் ஜூலை இரண்டாம் வாரம் பாஸ்டில் சிறை உடையும். விநாயகர் சதுர்த்தி விடுமுறைக்குள் நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றாக வேண்டும். அடம்பிடித்தால் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்துத் தோற்கடிப்பார். ஆயுத பூஜைக்கு ஹிட்லர் போலந்துக்குள் நுழைவான். தீபாவளிக்குள் ஹிரோஷிமா. இத்தனை கோடிப் பேர் செத்த கதையில் அந்தக் குரல் ஒரு நாளாவது ஏறி இறங்கியதுண்டா? யாருக்காகச் செத்தார்கள், யாருக்கு லாபம் என்று ஒரு கேள்வி உண்டா?

"காரணங்கள் அஞ்சு. எழுதிட்டியா? விளைவுகள் ஆறு. அண்டர்லைன் பண்ணிக்கோ. ஃபுல் ஸ்டாப். அடுத்த பாரா."

புரட்சிக்கும் ஐந்து, போருக்கும் ஐந்து. நோட்டின் ஓரத்தில் பென்சிலால் 'ஜோக்' என்று குறித்திருக்கும் இடத்தில் நெப்போலியனின் உயரத்தைப் பற்றி ஒரு ஜோக் சொல்வார். அதையும் எழுதிக்கொள்வார்கள்.

மூன்றாவது பெஞ்சில் கயல்விழி உட்கார்ந்திருப்பாள். குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வருகிறவள். அம்மா அமராவதி நடவு, களை, அறுப்பு என்று கூப்பிட்ட கழனிக்கெல்லாம் போகிறவள். வீட்டில் ஓர் ஒப்பந்தம்: பேப்பர் எல்லாம் பாஸாகிறவரை படிப்பு, ஒன்று போனாலும் காடாம்புலியூரில் பெரியம்மாவோடு முந்திரி உடைக்கப் போக வேண்டும். பெரியம்மாவின் விரல்களைக் கயல்விழி பார்த்திருக்கிறாள். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப் பட்டுக் கறுத்து, தோல் உரிந்து, ரேகை தேய்ந்து, ரேஷன் கடை மெஷினுக்கே ஆள் யாரென்று தெரியாமல் போய்விட்ட விரல்கள். அதனால்தானோ என்னவோ, பாஸ்டில் உடைந்த வாரம் பாரிஸில் ரொட்டி என்ன விலை விற்றது என்று கேட்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. கேட்கவில்லை. காரணம் நான்கு ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வரிசையில் ராபர்ட். கடலூர் ஓல்டு டவுன்காரன், வாயை அடக்கத் தெரியாதவன். அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்து ஃபுல் ஸ்டாப் விழுந்த நாளில் எழுந்து நின்றான்.

"சார், அந்தப் போர்ல எங்க கடலூர்லயும் சண்ட நடந்திருக்கு சார். வெள்ளக்காரனும் பிரெஞ்சுக்காரனும், 1783 ஜூன்ல. அங்க ஜனவரியிலயே சமாதானம் ஆயிடுச்சு. சேதி கப்பல்ல வர அஞ்சு மாசம் ஆனதுல, தெரியாமயே இங்க அடிச்சிகிட்டு செத்திருக்கானுங்க."

"சிலபஸ்ல இருக்கா?"

"இல்ல சார். ஆனா நம்ம ஊரு..."

"இது வேர்ல்டு ஹிஸ்டரிப்பா. கடலூரு எங்க வேர்ல்டுல இருக்கு? அது லோக்கல், வேற பேப்பர். ஒக்காரு."

வகுப்பு சிரித்தது. பென்சில் குறிப்பில்லாத ஜோக் அது ஒன்றுதான்.

தீபாவளி முடிந்து பனிப்போர் வந்தது. முதல் வாக்கியத்தை தட்சிணாமூர்த்தி இரண்டு முறை சொன்னார்: "சோவியத் ஒன்றியம் இன்று உலகின் இருபெரும் வல்லரசுகளுள் ஒன்றாக விளங்குகிறது." அறுபது பேனாக்களும் அந்த நாட்டுக்கு உயிர் கொடுத்தன. கயல்விழியின் பேனா 'இன்று' என்ற இடத்தில் நின்றது. அடுத்த வாரம் உள்தேர்வில் அதுவே கேள்வி, பத்து மதிப்பெண். அவள் உள்ளதை எழுதினாள்: 1991 டிசம்பரில் அந்த ஒன்றியம் கலைந்தது, பதினைந்து நாடுகளாகப் பிரிந்தது.

பத்துக்கு சுழி. மொத்தம் இருபத்தைந்துக்கு எட்டு. குறைந்தது பத்து எடுக்காவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்பது அந்தக் கல்லூரியின் விதி.

துறை அறைக்குப் போனாள்.

"சார், அந்த நாடே இப்ப இல்ல சார். தொண்ணூத்தொண்ணுலயே பிரிஞ்சுபோச்சு."

"நான் எப்ப பிரிச்சேன்?"

"நீங்க பிரிக்கல சார். அதுவா பிரிஞ்சுது."

"நோட்ஸ்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப எத வச்சும்மா நான் மார்க் போடுறது?"

பாவம், மனிதருக்குத் தெரியாது என்று இரக்கப்படுகிறீர்களா? அன்று காலைதான் கல்லூரி வாசல் டீக்கடையில், ரஷ்யா ஏன் உக்ரைன்மேல் படையெடுத்தது, முன்பு ஒன்றாக இருந்த நாடுகள் எப்படிப் பகையாயின என்று, பஜ்ஜியை ஆட்டி ஆட்டி அரைமணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார். கயல்விழி அதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தாள். தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்ததை வாசலிலேயே விட்டுவிட்டு வகுப்புக்கு வருவதுதான் இந்த இனத்தின் ஒழுக்கம். ஒரு வரியைத் திருத்தினால் அடுத்த வரியையும் படித்துப் பார்க்க வேண்டிவரும். அப்புறம் நோட்டு முழுவதையும். அதைவிட ஒரு பெண்ணின் வருடத்தை வாங்கிக்கொள்வது சுலபம் அல்லவா?

"எந்த ஊரு நீ?"

"குமராட்சி சார்."

"அம்மா என்ன பண்றாங்க?"

"கழனி வேலைக்குப் போறாங்க சார்."

"ம். அதான். வூட்டுல சொல்லிக் குடுக்க ஆளு இல்ல. நாங்க சொல்றதயே புடிச்சிகிட்டு மேல ஏறிப் போவணும்மா. ஒனக்கெல்லாம் இந்த யோசன எதுக்கு? திங்கக்கெழம நோட்ஸ்ல உள்ளபடி எழுதி எடுத்துட்டு வா. பத்துக்குப் பத்து போடறேன்."

பார்த்தீர்களா கருணையை! மூளை வைத்துக்கொள்ள இவர்கள் கணக்கில் ஒரு நல்ல ஊர் வேண்டும், படித்த அம்மா வேண்டும். மற்றவர்களுக்குக் கை இருந்தால் போதும். கழனியில் நடவும் கை, கல்லூரியில் எழுதவும் கை.

பேருந்து நிலையத்தில் ராபர்ட் காத்திருந்தான்.

"எழுதிக் குடுத்துட்டுப் போ கயலு. செத்த நாட்ட ஒரு பக்கம் உயிரோட வச்சா யாருக்கு நஷ்டம்?"

"எனக்குதான்டா."

"அப்ப காடாம்புலியூருல போயி ஒக்காந்து, உண்மைய சொல்லிகிட்டே முந்திரி ஒடை."

மினி பஸ் வந்துவிட்டது. கயல்விழி ஏறிக்கொண்டாள். முன் சீட்டில் ஒருவர் செய்தித்தாள் விரித்திருந்தார். மாவட்டத்தில் ஒரு சாலையிலும் குண்டு குழி இல்லை என்று முதல் பக்கச் செய்தி. பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியதில் செய்தியின் கடைசி வார்த்தைகள் அவள் கண்ணுக்கு நேராக வந்தன: 'என்று அமைச்சர் கூறினார்.' கயல்விழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் அமைச்சருடையது. பத்திரிகை பொய் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடைத்தாளைக் கொடுத்தாள். "சோவியத் ஒன்றியம் இன்று உலகின் இருபெரும் வல்லரசுகளுள் ஒன்றாக விளங்குகிறது என்று பேராசிரியர் தட்சிணாமூர்த்தி அவர்கள் கூறுகிறார். அதன் தலைமையில் வார்சா ஒப்பந்த நாடுகள் இன்றும் ஓரணியில் நிற்கின்றன என்றும் பேராசிரியர் அவர்களே கூறுகிறார். பெர்லின் சுவர் இன்றளவும் உறுதியாக நிற்கிறது என்பதும் பேராசிரியர் அவர்களின் கருத்தாகும்." மூன்று பக்கம். பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்டுங்கள் பார்ப்போம்.

தட்சிணாமூர்த்தி ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். முப்பத்தைந்து வருட வேலையில் அவரை யாரும் மேற்கோள் காட்டியதில்லை. தாளை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார்.

"பாத்துக்கோங்கப்பா. இதான் எழுதற மொற. ஆதாரம் காட்டி எழுதியிருக்கு, குமராட்சி பொண்ணு!"

உரக்கப் படித்தார். ஒவ்வொரு 'கூறுகிறார்' வரும்போதும் தலையை லேசாக ஆட்டிக்கொண்டார். ராபர்ட் பையின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டு குனிந்திருந்தான். பத்துக்குப் பத்து. எட்டு, பதினெட்டாயிற்று.

அதோடு விடவில்லை. 'மாதிரி விடை' என்று தலைப்பிட்டு அறிவிப்புப் பலகையில் குத்தினார். துறைத் தலைவர் 'நன்று' என்று பச்சை மையில் எழுதினார். கல்லூரியைச் சோதிக்க வந்த குழு ஒன்று அதன்முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டது. இரண்டு வாரம் அந்தப் பக்கமாக நடந்த இத்தனை படித்தவர்களில் ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

ஹால் டிக்கெட் வாங்கிக்கொண்டு கயல்விழி படியிறங்கிய அன்று, பலகைமுன் முதலாண்டுப் பெண் ஒருத்தி நின்று வேக வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். கயல்விழி எட்டிப் பார்த்தாள்.

"ஏய், 'என்று பேராசிரியர் கூறுகிறார்'ங்கறத எல்லாம் வுட்டுட்டியே?"

"அது எதுக்குக்கா? அதுக்கு மார்க்கா வரப்போவுது? பாயிண்டு மட்டும் போதும்."

ஒரு சின்ன வாலை வெட்டியதும் செத்த நாடு மறுபடி எழுந்து நின்றுவிட்டது. தன் சாமர்த்தியம் தன்னை மட்டும்தான் கரையேற்றியது என்று கயல்விழிக்கு அப்போதுதான் உறைத்தது. பேனாவை எடுத்தாள். தேர்வை இனிமேல்தான் எழுத வேண்டும், அந்த விடைத்தாளும் தட்சிணாமூர்த்தி கைக்குத்தான் போகப்போகிறது, முந்திரி ஆலை எங்கேயும் போய்விடவில்லை. எல்லாம் ஞாபகம் இருந்தது. பச்சை மை 'நன்று'வுக்குக் கீழே பெரிதாக எழுதினாள்: 'இந்த நாடு 1991-இல் கலைந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் நூலகத்தில் பார்க்கவும். கயல்விழி, மூன்றாம் ஆண்டு.'

அந்தப் பெண் நோட்டைத் திருப்பிப் பிடித்தாள்.

"இதயும் எழுதிக்கவாக்கா? இம்பார்ட்டன்ட்டா?"

சிரிக்காதீர்கள். உங்களிடமும் ஒரு காக்கி அட்டை நோட்டு இருக்கிறது. எந்தத் தெருவில் தண்ணீர் குடிக்கலாம், எந்த வீட்டில் பெண் எடுக்கலாம், எந்த நேரத்தில் எதைத் தொடங்கக் கூடாது என்று யாரோ சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டது. அதில் இன்னும் எத்தனை செத்த நாடுகள் வல்லரசுகளாக விளங்குகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கடலூரில் செத்த சிப்பாய்க்காவது கப்பல் வரவில்லை என்று ஒரு சாக்கு இருந்தது. உங்கள் சட்டைப்பையில் போன் இருக்கிறது.

போகட்டும், ஒன்று கேட்கிறேன். 1783-இல் கடலூரில் நடந்ததாக ராபர்ட் சொன்ன அந்தச் சண்டை. அது உண்மைதானா என்று தேடிப் பார்த்தீர்களா? இல்லையா?

அண்டர்லைன் பண்ணிக்கொள்ளுங்கள்.