கத்திவாக்கத்து மாதிரிப் பணியிடம்

மனிதன் வேலை செய்ய வேண்டுமானால் அவனுக்கு ஓர் இடம் வேண்டும். ராயபுரத்தில் கப்பல் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயார் செய்துவந்த ஒரு நிறுவனம், தன் அலுவலகத்தைக் காலி செய்த பிறகுதான் இந்த உண்மையைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததோடு நிற்காமல் "இல்லப் பணியிட மேம்பாட்டுப் பிரிவு" என்று ஒன்றைத் தொடங்கி, ராமதாஸ் என்பவரை அதன் ஆய்வு அலுவலராகவும் நியமித்தது. இனி ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணியாற்றலாம். அந்த வீட்டில் தகுதியான பணியிடம் இருக்கிறதா என்று ராமதாஸ் நேரில் வந்து பார்ப்பார். இல்லாதவர்கள் ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள். பணியிடத்தை அவரவர் சொந்தச் செலவில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற விவரத்தைச் சுற்றறிக்கை கடைசி வரியில் பணிவோடு தெரிவித்தது.

அதைப் படித்ததும், அங்கே பத்திரம் தயார் செய்யும் கத்திவாக்கத்துச் செல்வநாதன் தூரத்தைக் கணக்குப் போட்டான். அவன் வீடு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கம். ஒரகடம் ஊரின் மறுகோடி. ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறிப் போனால், மகள் எழுவதற்கு முன் கிளம்பி அவள் தூங்கிய பிறகு திரும்ப வேண்டும். வேலையை விட்டுவிடலாமென்றால் மைத்துனன் படகில் வலை இழுக்க வேண்டும். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் என்று அவன் பெருமையடித்துக்கொள்வதற்கு உண்மையான காரணம், படகில் ஏறினாலே அவனுக்கு வாந்தி வரும் என்பதுதான். இது தெருவுக்கே தெரியும்.

ஆகவே போனில் வீடியோ பார்த்துப் படிக்கத் தொடங்கினான். குறைந்த செலவில் வீட்டு அலுவலகம் அமைப்பது எப்படி என்று தாடி வைத்த இளைஞர்கள் விளக்கினார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை, மேலே ஒரு லேப்டாப், ஓரத்தில் ஒரு செடி. அதற்கு மேல் எதுவுமே இருக்கக் கூடாதாம். ஒன்றுமே இல்லாதது போல ஓர் இடத்தை வைத்துக்கொள்ள இவ்வளவு செலவாகுமா என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது.

இருந்தாலும் விடவில்லை. துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டுக் கழித்துப் போடுகிற பலகைகளை வாங்கி மேஜை அடித்தான். காயலாங்கடையில் ஒரு சுழல் நாற்காலி அகப்பட்டது. உட்கார்ந்தால் அது தானாகவே இடதுபக்கம் திரும்பிக்கொள்ளும். மேஜையையும் சற்று இடதுபக்கம் தள்ளிப் போட்டதில் விஷயம் சரியாகிவிட்டது. வெள்ளைச் சுவர்தான் பெரும்பாடு. எதிர்வீட்டுப் பெரியவர் இறந்தபோது வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரைக் கேட்டு வாங்கி, திருப்பிக் கட்டினான். பின்பக்கம் பால்போல வெள்ளை. ஓரத்தில் ஒரு செடித்தொட்டியும் வைத்தான். இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து சும்மாவே சுற்றினான். மனைவி பவானி துணி மடிக்கக் கூப்பிட்டால் மீட்டிங் என்றான்.

ஆய்வு நாள் வந்தது. பவானி மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தாள். வீட்டில் அவன் மாமியார் கோவிந்தம்மா மட்டும். மீன் விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய அம்மாள்.

"அத்தே, ஆபீசர் வராரு வூட்ட பாக்க. நான் ரோட்டாண்ட போய் இட்டாறேன்."

"ஆபீசரா? நீ போ நைனா, நான் பாத்துக்கறேன்" என்றாள் கோவிந்தம்மா.

இங்கே கத்திவாக்கத்தின் நிர்வாக நடைமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளம் வந்தாலும், புயல் அடித்தாலும், ஆற்றில் எண்ணெய் மிதந்து இறால் செத்தாலும், கொஞ்சநாள் கழித்து யாராவது ஓர் ஆபீசர் வீடு பார்க்க வருவார். டிவியும் ஃபிரிட்ஜும் கண்ணில் பட்டால், வசதியான குடும்பம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். நிவாரணமும் அவரோடு போய்விடும். பட்டுப்பட்டு ஜனங்கள் பாடம் கற்றிருந்தார்கள். ஆபீசர் வருகிறார் என்றால் வீட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது. எந்த ஆபீசர், எதற்கு வருகிறார் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

செல்வநாதன் ராமதாஸை அழைத்துக்கொண்டு திரும்பியபோது வீடு துடைத்துவிட்டது போல இருந்தது. மேஜை இல்லை. நாற்காலி இல்லை. பேனர் இல்லை. செடிகூட இல்லை. ஃபிரிட்ஜ் வலைக்குள் மூட்டையாகக் கிடந்தது. அடுத்த வீட்டு ஜன்னலில், அங்கம்மா அவனுடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மெல்ல இடதுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மா தலையைக் கலைத்துவிட்டு வாசற்படியில் சாய்ந்திருந்தாள்.

"வாங்க சார். எங்களாண்ட இன்னா கீது? ஒண்ணும் கெடையாது. நல்லா பாத்துக்கினு எழுதிக்கோங்க" என்று சொல்லி, மருமகனைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

செல்வநாதனுக்கு அழுகை வந்தது. அந்த அம்மாள்மேல் கோபப்படவும் முடியவில்லை. பல வெள்ளத்தில் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிய வித்தை அது. என் பணியிடத்தை மாமியார் ஒளித்துவைத்துவிட்டார் என்று ராமதாஸிடம் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது அதுதான் இருப்பதிலேயே பெரிய பொய்யாகத் தெரிந்தது.

"உங்க ஒர்க் ஸ்பேஸ் எங்க?" என்றார் ராமதாஸ்.

செல்வநாதன் வெறும் மூலையைக் காட்டினான். "இதான் சார்."

"டேபிள்?"

"இல்ல சார்."

"சேர்?"

"பழக்கம் இல்ல சார்."

"ஃபேன்?"

"கடல்காத்து வருது சார்."

லேப்டாப் எங்கே என்று அடுத்த கேள்வி வருமுன் கோவிந்தம்மா கண்ணால் அரிசி டிரம்மைக் காட்டினாள். அவன் போய் அரிசிக்குள்ளிருந்து அதை எடுத்தான். காலி மீன்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சரக்குப் பத்திரத்தைத் தட்டிக் காட்டினான். ஒரகடத்துக்குப் போகிற முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று மனசு அப்போதே விசாரித்துக்கொண்டிருந்தது.

ராமதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: "அப்ப, கம்பெனிகிட்ட நீங்க எதையுமே எதிர்பார்க்கலையா?"

"இல்ல சார்."

அவர் குனிந்து மீன்பெட்டியைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. "யாதொரு தளவாடமும் இன்றி, பணித்திறன் குன்றாது இயங்கும் தன்னிறைவுப் பணியிடம்" கத்திவாக்கத்தில் கண்டறியப்பட்டுள்ளது. இனி அதுவே நிறுவனத்தின் மாதிரி. மேஜை நாற்காலி வைத்திருப்போர் வீட்டுப் பணிக்கான மனப்பக்குவம் அடையாதவர்களாகக் கருதப்பட்டு, கிடங்கு மாறுதலில் முன்னுரிமை பெறுவார்கள்.

வியாசர்பாடியிலிருந்து சக ஊழியன் பகலவன் போன் செய்தான். தவணையில் வாங்கிய டேபிள் மொட்டை மாடியில் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நிற்கிறது என்றும், மழை வந்தால் செல்வநாதன் குடும்பத்தோடு வந்து குடை பிடிக்க வேண்டும் என்றும் சொன்னான். அதற்கு மேல் அவன் சொன்னதை எழுத முடியாது. கடைசியில், "நல்லாருடா மாமு" என்று வைத்துவிட்டான்.

ஆனால் அவனும் சும்மா இருக்கவில்லை. ராமதாஸ் வந்தபோது, உட்காரும் ஆடம்பரமே தனக்கு வேண்டாம் என்று நின்றுகொண்டு வேலை செய்து காட்டினான். ராயபுரத்து ஆலிஸ், மாடிப்படியில் போவோர் வருவோருக்கு ஒதுங்கி ஒதுங்கிக் கணக்கு முடித்துக் காட்டினாள். பாய் விரித்திருந்த ஒருவரை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கம்பெனி, தரையில் பிழைக்கிறவர்களின் திறமையைக் கண்டு வியந்துகொண்டே போனது.

செல்வநாதனுக்கோ மவுசு கூடிவிட்டது. புதிய ஊழியர்களுக்கு எளிமையைப் பற்றி உரை நிகழ்த்தச் சொன்னார்கள். ராமதாஸ் எந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவார் என்று தெரியாததால், நாற்காலியைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. அங்கம்மா அதில் உட்கார்ந்துதான் இறால் உரித்தாள். தரையில் அவனுக்கு முட்டி விண்விண்ணென்று தெறிக்கும். ஆனாலும் தன் எளிமையைப் பற்றிப் பேசப் பேச அவனுக்கே கண் கலங்கியது. நாம் நிஜமாகவே இப்படிப்பட்ட ஆள்தானோ என்று நம்பவும் ஆரம்பித்தான். பவானி பக்கத்து அறையிலிருந்து சிரிப்பதை மட்டும் அவனால் நிறுத்த முடியவில்லை.

ஆண்டுக் கூட்டமும் வீடியோவில்தான் நடந்தது. எல்லோரும் சின்னச் சின்னக் கட்டங்களில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும் வந்தது. ஊழியர்களின் தியாகத்தைப் பாராட்டிவிட்டு, அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது.

"ஒரு யோசனைதான், கட்டாயம் கிடையாது. ஒரு மாசம், சும்மா ஒரு பரிசோதனையா, சம்பளம் இல்லாம வேலை எப்படி நடக்குதுன்னு பார்க்கலாம். விருப்பம் உள்ளவங்க திரையில கை தூக்குற பட்டனை அழுத்தலாம்."

ஒரு கையும் எழவில்லை. செல்வநாதனுக்குச் சிரிப்புதான் வந்தது. எந்த மடையன் தூக்குவான்? எல்லோரும் பேசாமல் இருந்தாலே போதும், இந்தப் பேச்சு இதோடு முடிந்துவிடும். நிம்மதியாகக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவன் கண்ணில் பகலவன் பட்டான். பகலவனின் தோள் லேசாக அசைந்தது. முதுகைச் சொறிகிறானா, பட்டனைத் தேடுகிறானா? அவன் முந்திக்கொண்டால் மாதிரிப் பணியிடம் வியாசர்பாடிக்குப் போய்விடும், ஒரகடத்துக்கு யார் போவது?

திரையில் ஒரு மஞ்சள் கை எழுந்தது. யாருடா அந்த மடையன் என்று செல்வநாதன் குனிந்து பார்த்தான். கீழே அவன் பெயர்தான் இருந்தது.

அடுத்து பகலவன் கை. பிறகு ஆலிஸின் கை. அதன்பின் மளமளவென்று எல்லாக் கட்டங்களிலும் எழுந்தன. முதலாளியின் குரல் இன்னும் காத்திருந்தது. கொஞ்சநேரம் கழித்து ராமதாஸின் கையும் எழுந்தது.