ஏ.சி. அறையின் சமத்துவம்

"எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?" என்று ராயபுரத்து டாக்டர் ஒருமுறை ஃப்ளோராவைக் கேட்டார்.

"பிடிச்சதே இல்ல சார்."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உங்க நுரையீரல் வேற மாதிரி சொல்லுதே. வீட்ல யாராவது?"

"வூட்ல யாரும் இல்ல சார். ஆபீஸ்ல எல்லாரும்."

"அப்ப முதல்ல அந்தக் காத்த விட்டு வெளிய வாங்க. இல்லன்னா ஆக்சிஜன் சிலிண்டரோடதான் திரியணும்."

உலகத்தில் சமத்துவம் உண்மையாகவே நிலைநாட்டப்பட்ட ஒரே இடம், திருவொற்றியூரில் ஃப்ளோரா வேலை பார்க்கும் டிரெய்லர் லாரி புக்கிங் ஆபீஸ்தான் என்பதை டாக்டர் அறியமாட்டார். ஒன்பது ஆண்கள் கைக்காசு போட்டு வாங்கிப் பிடித்ததை, அவள் பன்னிரண்டு ஆண்டுகளாக இலவசமாக அனுபவித்து வந்தாள். ஆண் பெண் பேதமின்றி ஏ.சி. அதை எல்லோருக்கும் பரிமாறியது. ஜன்னலைத் திறக்கும் வழக்கமில்லை. துறைமுகத்துக் கரித்தூள் உள்ளே வந்தால் உடம்புக்குக் கெடுதல்.

டாக்டர் தந்த சீட்டை ஃப்ளோரா மேனேஜர் டில்லிபாபுவிடம் கொடுத்தாள். அவர் இளகிய மனசுக்காரர். உடனே 'அவசரக் கூட்டம்' கூட்டினார். மனசு கலங்கிவிட்டதால் முதலில் ஒன்று பற்ற வைத்தார். மற்றவர்களும் பற்றவைத்துத் துக்கத்தில் பங்கேற்றார்கள்.

"இன்னா ஃப்ளோரா, இத்தினி நாளா சொல்லாம கீற?" என்றார் சூப்பர்வைசர் பிராங்கிளின்.

"போன வருஷமே சொன்னேண்ணா."

"இருமிகினே சொன்ன. ஒண்ணும் வெளங்கல."

ஃப்ளோரா கேட்டது ஒன்றுதான்: பிடிக்கிறவர்கள் வராந்தாவுக்குப் போய்ப் பிடிக்க வேண்டும். இந்த யோசனை ஆழ்ந்து பரிசீலிக்கப்பட்டது.

"வெளிய லாரிப் பொக, ஜெனரேட்டர் பொக," என்றார் புரோக்கர் ரஹீம் பாய். "ஒம்போது பேரு நுரையீரலும் கெட்டுப்பூடும் மாமு."

"நாயமான பேச்சு," என்றார் டில்லிபாபு. "கஷ்டம் யாருக்குக் கீது? ஒர்த்திக்கு. அதுக்காவ ஒம்போது பேரு எய்ந்து போறதா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இருமலில் ஃப்ளோராவின் தலை ஆடியதையும் 'ஆதரவு' என்றே பதிவு செய்தார்கள்.

மறுநாள் அவள் மேஜை வராந்தாவில், ஜெனரேட்டர் பக்கத்தில் கிடந்தது. டிரைவர்களுக்குக் கொடுக்கவேண்டிய துறைமுக கேட் பாஸ், சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாக அவளிடம் வரும். பாஸோடு புகையும் வரும். பழைய ஊழியரை நிர்வாகம் மறந்துவிடவில்லை.

அடுத்த மாதம் மோகனப்ரியா வந்தாள். பெரியவர்களில் எத்தனை பேர் புகைபிடிக்கிறார்கள், எத்தனை பேர் பிறர் விடும் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்காகக் கணக்கெடுப்பவள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இந்த ரூம்ல எத்தனை பேர் சார்?"

"ஒம்போது."

"அதுல சிகரெட் பிடிக்கிறவங்க?"

"ஒம்போது."

"தான் பிடிக்காம, அடுத்தவங்க புகைய சுவாசிக்கிறவங்க?"

டில்லிபாபு நெஞ்சில் கை வைத்தார். "அந்தப் பாவமே இங்க கெடையாதும்மா. எல்லாரும் சொந்தமாத்தான் பிடிக்கிறோம்."

மோகனப்ரியா பூஜ்யம் போட்டாள். "எல்லா ஆபீஸும் இப்படி இருந்தா எங்க வேலை சுலபம் சார். புகைபிடிக்காத ஊழியர் ஒருத்தர் கையெழுத்து மட்டும் வேணும்."

டில்லிபாபு படிவத்தோடு வராந்தாவுக்கு வந்தார், விரலிடுக்கில் சிகரெட்டோடு. "ஒரு கையெய்த்து போடு ஃப்ளோரா. இத்த போட உன்ன வுட்டா இந்த ஆபீஸ்ல ஆளே இல்ல."

'இந்தப் பணியிடத்தில் புகைபிடிக்காதவர் எவரும் பிறர் புகைக்கு ஆளாகவில்லை' என்றது படிவம். ஃப்ளோரா இரண்டு முறை படித்தாள். அருமையான வாக்கியம். அதில் இருந்த ஒரே பிழை அவள்தான்.

"இன்னா யோசன? தப்பு இன்னா கீது அதுல?"

அவள் பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நாட்டின் புள்ளிவிவரம் பிசகில்லாமல் இருக்கட்டும் என்று, வேலையை விட்டே இறங்கிப் போனாள்.